ஆகஸ்ட் மாதத்து ஜப்பானியம்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஜப்பானில் செய்தி வாசிக்கும் மொழியே மாறிவிடும். 6-ஆம் தேதி ஹிரோஷிமா, 9-ஆம் தேதி நாகசாகி, 15-ஆம் தேதி போர் முடிந்த நாள். இந்தப் பருவத்துக்கென்றே 'ஹச்சிகட்ஸு ஜானரிஸுமு', அதாவது ஆகஸ்ட் இதழியல் என்று ஒரு கிண்டல் பெயரும் உண்டு. அலுவலகக் கூட்டங்களில் தடுமாறாமல் பேசுகிறவர்கள்கூட அந்த இரண்டு வாரம் தொலைக்காட்சி முன்னால் விழிப்பார்கள். நான் ஹிரோஷிமாவில் வேலை பார்க்கிறேன்; வார இறுதியில், இங்கே தொழிற்சாலைகளுக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நடு நிலையான என்3-ஐத் தாண்டியவர்களுக்குப் போர், அமைதி சம்பந்தமான முறையான சொற்களை எப்படிச் சொல்லித்தருகிறேனோ அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 'போர்ச் சொற்கள் நூறு' என்கிற மாதிரிப் பட்டியல் கையில் இருந்தால் ஓரமாக வையுங்கள். அந்தப் பட்டியல்களில் தெய்ஸென் (போர்நிறுத்தம்), கியூஸென் (ஒப்பந்தத்தோடு நிறுத்திவைப்பது), ஷூஸென் (போர் முடிவு) மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் எழுதியிருக்கும். செய்தியில் அவை மூன்றும் வேறு வேறு நிலைமைகள். இந்தத் துறையில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால் மூன்று விஷயம்: அது எந்த வினையோடு வரும், எந்தக் கட்டத்தைக் குறிக்கும், அதை யார் சொல்வார்கள். மூன்றாவதுதான் பெரிய விஷயம். ஆனால் எந்தப் பாடப்புத்தகமும் அங்கே போவதில்லை.

எழுத்து பற்றிச் சுருக்கமாக. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். குறில் நெடில் நமக்குக் கைவந்த கலை என்பதால் ஷு, ஷூ குழப்பம் வராது. வல்லின ஒலி கனமா மென்மையா என்பது மட்டும் நம் எழுத்தில் நிற்காது. கான்ஜியோடு (சீனத்திலிருந்து வந்த எழுத்து) அகராதியில் பார்த்து, ஒரு தடவை காதாலும் கேட்டுவிடுங்கள்.

சரி, ஆரம்பம் 'ஸென்' என்ற கான்ஜி. போர், சண்டை என்று பொருள். இதற்கு முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் போரின் ஒரு கட்டம் கிடைக்கும். கைஸென் போர் தொடங்குவது, ஸன்ஸென் போரில் இறங்குவது, நைஸென் உள்நாட்டுப் போர், ரெய்ஸென் பனிப்போர், ஹன்ஸென் போர் எதிர்ப்பு. பின்னால் சேர்ந்தால் காலமும் இடமும் ஆளும்: ஸென்ஸென் போருக்கு முன், ஸென்கோ போருக்குப் பின், ஸென்ஜோ போர்க்களம், ஸெம்போட்ஸுஷ போரில் இறந்தோர். ஜப்பானில் வெறுமனே 'ஸென்கோ' என்றால் 1945-க்குப் பிறகு என்றுதான் அர்த்தம். எந்தப் போர் என்று யாரும் விளக்க மாட்டார்கள். இந்த ஒரு கான்ஜிக் குடும்பத்தை முடித்தாலே செய்தித் தலைப்புகளில் பாதி பிடிபடும். இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள், எளிதுதான்.

நேரம் கேட்பது போர் முடிகிற பக்கம். தெய்ஸென் என்றால் சுடுவதை நிறுத்துவது. நாளைக்கே மறுபடி தொடங்கலாம். கியூஸென் என்றால் முறையான ஒப்பந்தத்தோடு போரை நிறுத்திவைப்பது. இதற்கு நல்ல உதாரணம் கொரியா. 1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது 'கியூஸென் கியோதெய்'. அதற்கு மேல் அமைதி ஒப்பந்தம் வரவில்லை என்பதால் ஜப்பானியச் செய்தியில் இன்றைக்கும் அந்தச் சொல்தான் வருகிறது. அடுத்தது கோவ, போரிட்ட நாடுகள் முறைப்படி சமாதானம் செய்துகொள்வது. வரலாற்றுப் புத்தகங்களின் சொல். அப்புறம் ஹெய்வ ஜோயக்கு, அமைதி ஒப்பந்தம். 1951 செப்டம்பர் 8-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானும் நேச நாடுகளும் கையெழுத்திட்டதை ஒருவர் கோவ ஜோயக்கு என்பார், இன்னொருவர் ஹெய்வ ஜோயக்கு என்பார், இரண்டும் ஒன்றுதான்.

ஹெய்வ என்பதையும் அதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்ட வஹெய் என்பதையும் மாணவர்கள் கலந்துவிடுகிறார்கள். ஹெய்வ என்பது அமைதி என்ற நிலை. வஹெய் என்பது சண்டை போட்டவர்கள் உட்கார்ந்து பேசி அடையப் பார்க்கும் சமாதானம். நம் செய்தித்தாள்கள் 'அமைதிப் பூங்கா' என்றும் 'சமாதானப் பேச்சு' என்றும் எழுதுகிற அதே பழக்கம். பேச்சுவார்த்தை என்றால் 'வஹெய் கோஷோ'. அங்கே ஹெய்வ போட்டால் காதில் உறுத்தும்.

ஒப்பந்தம் என்று வந்தால் வினைகளை வரிசையாகப் படியுங்கள். கோஷோ, பேச்சு. கோஇ, உடன்பாடு. சோஇன், கையெழுத்து. ஹிஜுன், நாடாளுமன்ற ஒப்புதலோடு உறுதிசெய்வது. ஹக்கோ, நடைமுறைக்கு வருவது. ஒழுங்காகப் போகாவிட்டால் ஹக்கி, முறித்துக்கொள்வது. இந்த வரிசையை ஓர் உண்மை ஒப்பந்தத்தில் ஏற்றிப் படித்தால் மறக்காது. சான் பிரான்சிஸ்கோவுக்கு இந்தியா போகவில்லை. ஜப்பானோடு தனியாக ஒப்பந்தம் போட்டது. இங்கே அதற்குப் பெயர் 'நிச்சிஇன் ஹெய்வ ஜோயக்கு'. 1952 ஜூன் 9 சோஇன், அதே ஆண்டு ஆகஸ்ட் 27 ஹக்கோ. ரஷ்யாவோடு கதை வேறு. 1956-ல் சோவியத்துடன் 'கியோதோ ஸென்கென்', கூட்டு அறிவிப்பு வந்தது; போர் நிலை முடிந்தது; ஹெய்வ ஜோயக்கு இன்றுவரை இல்லை. போர் முடிந்தும் அமைதி ஒப்பந்தம் இல்லாமல் இருக்க முடியும் என்பது புரிந்தால் மேலே சொன்ன சொற்கள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதும் புரியும்.

இனி பாடநூல். நான் பயன்படுத்துவது பொதுவெளியில் இருக்கும் குட்டிக் குட்டி ஆவணங்கள்தான். முதலாவது ஜப்பான் அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு. 1946 நவம்பர் 3-ல் வெளியிடப்பட்டு 1947 மே 3-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்றே வாக்கியம். முறையான ஜப்பானியத்தின் எலும்புக்கூடு முழுக்க அதில் தெரியும். ஸெய்கி நீதி, சிட்ஸுஜோ ஒழுங்கு, கிக்யூ உளமார நாடுவது, புர்யொக்கு ஆயுத பலம், இகக்கு அச்சுறுத்தல், கோஷி பிரயோகிப்பது, ஃபுன்ஸோ பிணக்கு, ஹோக்கி கைவிடுவது. 'புர்யொக்கு' தனியாக வருவது குறைவு. 'புர்யொக்கு கோஷி' என்று ஜோடியாகத்தான் செய்தியில் அதிகம் வரும். ஆகவே சொல் மனப்பாடம் செய்யும் அட்டையில் ஜோடியாகவே எழுதுங்கள்.

மூன்று வாக்கியங்களின் கடைசி வினைகளையும் பாருங்கள்: ஹோக்கி ஸுரு, ஹொஜி ஷினை, மிதொமெனை. கைவிடுகிறது, வைத்துக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளாது. கண்ணியமான 'மஸ்' ஈறு எங்கும் கிடையாது. சட்டம் யாரிடமும் பணிவு காட்டாது அல்லவா. 'ஸென்ர்யொக்கு வ, கொரெ ஓ ஹொஜி ஷினை' என்ற அமைப்பு நமக்குக் கஷ்டமே இல்லை: 'போர்த்திறன், இதை வைத்துக்கொள்வதில்லை'. சொன்ன பொருளையே 'இதை' என்று மறுபடி பிடித்துக்கொள்ளும் இந்த நடை, சட்டத்திலும் பழைய அறிக்கைகளிலும் அடிக்கடி வரும். முதல் வாக்கியத்தில் உள்ள 'தரு'வையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஆகிய', 'என்ற தன்மையுள்ள' என்கிற மாதிரி. மூன்று வாக்கியத்தையும் சத்தம்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வேன். முணுமுணுப்பார்கள். செய்துவிட்டு வருகிறவர்களுக்கு அதன்பிறகு தலையங்கம் படிப்பதில் பயம் போய்விடுகிறது.

இந்தப் பிரிவு இருப்பதால் இன்னொரு வேடிக்கை. ஸென்ர்யொக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் 1954-ல் அமைத்த படைக்குப் பெயர் ஜிஎய்தை, தற்காப்புப் படை. 'குன்', அதாவது ராணுவம் என்ற எழுத்தே கிடையாது. அதற்கேற்ப உள்ளே இருக்கும் சொற்களும் மாறின. காலாட்படைக்குப் பழைய சொல் ஹொஹெய். ஜிஎய்தையில் அது ஃபுட்ஸூக்க, 'சாதாரணப் பிரிவு'. ஆமாம், சாதாரண ரயிலுக்குச் சொல்கிற அதே ஃபுட்ஸூதான். போர்க்கப்பல் குன்கன் அல்ல, கோஎய்கன், காவல் கப்பல். பழைய ராணுவத்தின் கர்னல் தைஸ. இன்றைய தரைப்படையில் அதே நிலை இத்தோ ரிக்குஸ. எனவே பத்திரிகையில் 'தைஸ' என்று வந்தால் பெரும்பாலும் பழைய ராணுவம் அல்லது வெளிநாட்டுப் படை என்று எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் இன்றைய படையை எழுதும்போது 'குன்' போட்டுவிடாதீர்கள். அது தெரியாமல் வந்த சொல்லா, அரசியல் நிலைப்பாடா என்று படிப்பவர் யோசிப்பார்.

இரண்டாவது பாடநூல், ஹிரோஷிமா மேயர் ஒவ்வோர் ஆகஸ்ட் 6-ஆம் தேதியும் வாசிக்கும் 'ஹெய்வ ஸென்கென்', அமைதிப் பிரகடனம். 1947-ல் தொடங்கியது. 1950-ல் கொரியப் போர்ச் சூழலில் விழாவே ரத்தானது. எழுத்து வடிவத்தை மாநகராட்சி மொழிபெயர்ப்புகளோடு வெளியிடுகிறது. விழாவை என்எச்கே நேரடியாக ஒளிபரப்புகிறது. காலை 8:15-க்கு மணி ஒலிக்க ஒரு நிமிடம் மொக்குதோ, மௌன அஞ்சலி. அப்புறம் மேயரின் பிரகடனம். அதற்கடுத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாசிக்கும் 'ஹெய்வ எ நொ சிக்கை', அமைதி உறுதிமொழி. நான் எப்போதும் பிள்ளைகளின் உறுதிமொழியிலிருந்துதான் தொடங்குவேன். அதே விஷயம்தான், ஆனால் சொற்கள் எளிமை, வேகம் நிதானம். அது காதில் நின்றபின் மேயருடையதைக் கேட்டால் 'ககுஹெய்க்கி ஹைஸெட்ஸு' (அணு ஆயுத ஒழிப்பு), 'ஹிபாகுஷா' (குண்டுக்கு உள்ளானவர்), 'கெய்ஷோ' (அடுத்த தலைமுறைக்குக் கடத்துவது), 'ஃபூக்க' (பாறை அரிக்கப்படுவது போல நினைவு தேய்வது) எல்லாம் வரிசையாக விழும். இரண்டு மூன்று ஆண்டுப் பிரகடனங்களை அடுத்தடுத்துப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் தொடர்களே உங்கள் சொற்பட்டியல்.

அந்தத் தொடர்களை வினையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றேன் அல்லவா. மொக்குதோவை 'ஸஸகெரு', சமர்ப்பிப்பார்கள். 'செய்ய' மாட்டார்கள் என்றில்லை, ஆனால் விழாவில் ஸஸகெருதான். இரங்கலுக்கு 'ஐதோ நொ இ ஓ ஹியோஸுரு'. அணு ஆயுத ஒழிப்பை 'உத்தஎரு', வலியுறுத்திக் கோருவார்கள். போர்நிறுத்தத்துக்கு 'தெய்ஸென் நி கோஇ ஸுரு'. இங்கே 'ஓ' வராது, 'நி'தான். இந்த வேற்றுமை உருபைத் தப்பாகப் போட்டால் எவ்வளவு பெரிய சொல் போட்டாலும் முறைமொழி போலத் தோன்றாது.

ஒரே ஒலி, வேறு எழுத்து. இந்தத் துறையில் இது ரொம்ப அதிகம். கோஃபுக்கு என்றால் சரணடைவது. கோஃபுக்கு என்றால் மகிழ்ச்சி. ஹெய்க்கி ஆயுதம், ஹெய்க்கி 'எனக்கு ஒன்றுமில்லை, பரவாயில்லை'. கைஸென் போர்த் தொடக்கம், கடற்போர், கூடவே கடலுணவும். விழாவில் கென்க என்று அறிவித்தால் மலர் வைப்பார்கள். தெருவில் கென்க என்றால் அடிதடி. இவற்றை எழுத்தால் மட்டும் பிரித்துப் படிக்காதீர்கள். பக்கத்துச் சொல்லோடு காதில் பதியவையுங்கள். 'முஜோக்கென் கோஃபுக்கு' என்று கேட்டால் நிபந்தனையற்ற சரணாகதி. அங்கே மகிழ்ச்சிக்கு இடமில்லை. 'ஹிபக்கு' மட்டும் கவனம்: குண்டுவீச்சுக்கு உள்ளாவதற்கு ஒரு கான்ஜி, அணுஉலை விபத்து போன்றவற்றில் கதிர்வீச்சுக்கு உள்ளாவதற்கு வேறொரு கான்ஜி. எழுதும்போது மாறினால் சம்பவமே மாறிவிடும்.

ஹிரோஷிமா வருகிறவர்களுக்கு இதற்கு நேரடிப் பயிற்சி இருக்கிறது. அமைதிப் பூங்காவில் சில நிமிட நடையில் இரண்டு கட்டடங்கள். ஒன்று 'ஹெய்வ கினென் ஷிர்யோகன்', எல்லோரும் போகும் அருங்காட்சியகம். மற்றொன்று இறந்தோருக்கான தேசிய 'ஹெய்வ கினென்கன்'. முதல் கினென் நினைவுகூர்வது, இரண்டாவது கினென் வேண்டிக்கொள்வது. பெயர்ப்பலகையில் கான்ஜி வேறு. நாகசாகியில் 1955-ல் நிறுவிய பெரிய சிலையும் ஒகினாவாவின் மபுனியில் உள்ள அருங்காட்சியகமும் வேண்டிக்கொள்ளும் கினென்தான். தேசிய மண்டபத்துக்குள் உயிர்பிழைத்தவர்களின் நினைவுக் குறிப்புகளை உட்கார்ந்து படிக்கலாம், கேட்கலாம். பெரும்பாலான பயணிகள் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுவதால் அங்கே கூட்டம் இருக்காது. மொழி படிக்கிறவர்களுக்கு அதுதான் இடம்.

அதே பூங்காவின் நினைவுச் சின்னத்தில் ஒரு வாக்கியம் பொறித்திருக்கிறது: 'யஸுரக்கனி நெமுத்தெ குதஸை, அயமச்சி வ குரிக்கயெஷிமஸெனு கர'. அமைதியாக உறங்குங்கள், தவறு திரும்ப நடக்காது. 'மஸெனு' என்பது நமக்குத் தெரிந்த 'மஸென்'னின் பழைய வடிவம். 'நு', 'ஸு' என்ற பழைய எதிர்மறைகள் இப்படி நினைவுக் கல்லிலும் கொள்கை முழக்கத்திலும் உயிரோடு இருக்கின்றன. 1967-ல் பிரதமர் ஸாத்தோ எய்ஸக்கு நாடாளுமன்றத்தில் சொன்ன அணு ஆயுதக் கொள்கை, 'மொதஸு, த்ஸுகுரஸு, மொச்சிகொமஸெஸு', வைத்துக்கொள்ளோம், செய்யோம், கொண்டுவர விடோம். தமிழிலும் பழைய எதிர்மறைதான் அங்கே சரியாக உட்காருகிறது, கவனித்தீர்களா.

கல்வெட்டு வாக்கியத்தில் கவனிக்க வேண்டியது, எழுவாய் இல்லாதது. தவறு செய்தது யார்? இனிமேல் செய்யமாட்டேன் என்பது யார்? தமிழில் இதை மறைக்கவே முடியாது. 'செய்யமாட்டோம்' என்றால் நாம், 'செய்யமாட்டார்கள்' என்றால் அவர்கள். நான்கூட மேலே 'நடக்காது' என்று நழுவியிருக்கிறேன். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால் 1952-ல் ஹிரோஷிமா வந்தபோது இதைத்தான் கேட்டார்: குண்டு போட்டது ஜப்பானியர் இல்லையே, பிறகு யாருடைய தவறு? வாசகத்தை எழுதிய பேராசிரியர் ஸைக்க ததயொஷி, மனிதகுலம் முழுவதும் சொல்லும் வாக்கு அது என்று பதில் கொடுத்தார். முறையான ஜப்பானியத்தில் எழுவாய் இல்லாத இடத்தில் சட்டென்று ஓர் ஆளை நிரப்பாதீர்கள். பல நேரம் அந்த வெற்றிடம் வேண்டுமென்றே விட்டது.

இதிலிருந்து 'யார் சொல்வார்கள்' என்ற கேள்விக்கு வரலாம். ஆகஸ்ட் 15-ஐப் பொதுவாக 'ஷூஸென்', போர் முடிவு என்பார்கள். வேண்டுமென்றே 'ஹைஸென்', போரில் தோல்வி என்று எழுதுகிறவர்களும் உண்டு. முடிவு என்று மழுப்பாதே, தோற்றோம் என்று சொல் என்பது அவர்கள் கட்சி. 1931-ல் மஞ்சூரியாவில் நடந்தது 'மன்ஷூ ஜிஹென்'. போர்ப் பிரகடனம் இல்லாததால் 'ஜிஹென்', சம்பவம். போர்க்கால ராணுவத் தலைமையகம் பின்வாங்கலை 'தென்ஷின்', திசைமாறி முன்னேறுதல் என்று அறிவித்தது. 1943-ல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் இருந்து விலகியபோது இந்தச் சொல்தான். அதே ஆண்டு அட்டு தீவில் படை முழுவதும் அழிந்ததற்கு 'கியொக்குஸை', ரத்தின மணி நொறுங்குவது என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தலைமையகத்தின் பெயரில் உருவான 'தைஹொன்எய் ஹப்பியோ' இன்று, நம்பமுடியாத அதிகார அறிவிப்பு என்ற கேலிச்சொல். 'ஷின்ரியக்கு' (ஆக்கிரமிப்பு), 'ஷின்ஷுட்ஸு' (முன்னேறிச் செல்வது) இரண்டுக்கும் நடுவே எதை எழுதுவது என்பது 1982-ல் பாடநூல் விவகாரமாகி சீனா, கொரியா வரை போனது. 1995 ஆகஸ்ட் 15-ல் பிரதமர் முரயமவின் அறிக்கையில் 'ஷொக்குமின்சி ஷிஹை தொ ஷின்ரியக்கு', காலனி ஆட்சியும் ஆக்கிரமிப்பும் என்று வெளிப்படையாக வந்தது. அதனால்தான் அது இன்றும் மேற்கோளாகிறது. அட்டையின் பின்புறம் பொருளோடு, இதை எந்தத் தரப்பின் எழுத்தில் பார்த்தீர்கள் என்றும் ஒரு வரி குறியுங்கள்.

உச்ச நிலையான என்1 அளவுக்குப் போகிறவர்களுக்கு நான் தரும் பயிற்சி: ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த போரை ஜப்பானியத்தில் படியுங்கள். இலங்கைப் போர் பற்றி 2002 தொடங்கி ஜப்பானியப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அமைதி முயற்சிக்கு ஜப்பான் அரசின் பிரதிநிதியாக அகஷி யஸுஷி இருந்தார், 2003 ஜூனில் டோக்கியோவில் மறுசீரமைப்பு மாநாடும் நடந்தது. நைஸென், தெய்ஸென் கோஇ, வஹெய், ஃபுக்கோ (மறுசீரமைப்பு), கொக்குனை ஹினன்மின் (உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்) எல்லாம் அங்கே தானாகப் புரியும், ஏனென்றால் நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். மலேயாத் தமிழர்களுக்கு இன்னொரு வாசல், சயாம் ரயில்பாதை: ஜப்பானியத்தில் 'தைமென் தெட்ஸுதோ', அதில் வேலைக்கு இழுத்துப்போகப்பட்டவர்கள் 'ரோமுஷ'. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் வெறும் 'உழைப்பாளி' என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பேச்சு. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை படிக்கவும் கேட்கவும்தான். எல்லாவற்றையும் வாயில் எடுக்க வேண்டியதில்லை. 'ஸக்குஸென்' (வியூகம்) அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம். ஆட்டத்தில் தன் அணி தோற்கக் காரணமானவனை 'ஸெம்பன்', போர்க்குற்றவாளி என்று இளைஞர்கள் கிண்டலடிப்பார்கள். வெளிநாட்டவர் வாயில் அது நன்றாக இருக்காது. வயதான ஒருவர் தன் வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசும்போது 'கிஸெய்ஷ' (பலியானோர்), 'ஸெம்போட்ஸுஷ' என்ற விழாச் சொற்களை அவரிடம் திருப்பிச் சொல்லாதீர்கள். 'நக்குனரரெத்த கத்த', காலமானவர், போதும். 'ஷிந்த' என்று மட்டும் வேண்டாம். கேள்வி கேட்க ஆசை இருந்தால், 'ஓஹனஷி ஓ உக்ககத்தெமொ யொரொஷீ தெஷோ க', உங்கள் அனுபவத்தைக் கேட்கலாமா என்று முதலில் அனுமதி கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள். வெயிலைப் பற்றிப் பேசலாம், ஆகஸ்டில் இங்கே அதற்குக் குறைவில்லை.